பல்லில் ஒட்டிய பசை எத்தனை காலம் தாங்கும்?

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்புக்குப் பஞ்சமில்லை. கடித்துத் தின்னப் பல் வேண்டுமே!

நைனார்பாளையத்துக்காரர் ஒருவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்ச் சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்லின் நிறத்திலேயே அடைப்பு. பார்க்க அழகு! இரண்டே வருஷத்தில் அது கழன்று விழுந்தால்? "டாக்டர் ஏமாற்றிவிட்டார்" என்பார். எப்போதும் குற்றம் டாக்டர் மீது அல்ல. பசை எந்த இடத்தில் ஒட்டியது என்பதையும் பார்க்க வேண்டும்.

அமிலம் செய்த வேலை

பழைய சுவரில் பூச்சு பூசுமுன் கொத்தனார் என்ன செய்கிறார்? சுவரைக் கொத்திவிடுகிறார். வழவழப்பான சுவரில் பூச்சு நிற்காது அல்லவா?

பல்லுக்கும் அதே கதைதான். உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவது உண்டு. அதைப் பல்லில் தடவிப் பார்த்தார், அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்து விஞ்ஞானி மைக்கேல் புவோனோகோர். அரை நிமிஷம்தான்! 1955-ம் ஆண்டு அந்த முடிவை வெளியிட்டார். அமிலம் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்தன. பசை அவற்றில் இறங்கி, வேர்விட்டாற்போல் பிடித்துக்கொண்டது. இன்றும் இதே முறைதான். அமிலத்தின் கடுமையை மட்டும் குறைத்துவிட்டார்கள்.

உள்ளே இருக்கிறது ஈரம்!

பல்லின் மேல் ஓட்டுக்கு எனாமல் என்று பெயர். எடையில் 100-க்கு 96 பங்கு தாதுப்பொருள். கல் மாதிரி! இதில் பிடித்த பசை வருஷக்கணக்கில் நிற்கும்.

அதற்கு உள்ளே இருப்பது டென்டின். இதில் தாது 70 பங்குதான். மீதி நாரும் தண்ணீரும். ஊசிமுனையைவிட மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றிலும் ஈரம். பசை அந்த நாருக்குள் புகுந்து ஒரு புதுப் படலமாக மாறுவதை 1982-ல் ஜப்பானிய விஞ்ஞானி நகபயாஷி எடுத்துக்காட்டினார்.

ஆனால், ஈரம் சும்மா இருக்குமா? பசையை மெள்ள மெள்ளக் கரைக்கிறது. டென்டினிலேயே இருக்கும் சில பொருள்கள் நாரை அரிக்கின்றன. பிடிப்பு தளர்கிறது. ஓரத்தில் மயிரிழை போன்ற இடுக்கு விழுகிறது. அதன் வழியே கிருமி நுழைந்து, அடியில் மறுபடியும் சொத்தை!

அடைப்பு விழுந்துவிட்டாலாவது தெரியும். விழாமல் அடியில் அரித்துக்கொண்டிருந்தால், வலி வந்த பிறகுதான் தெரியும்.

எப்போது போக வேண்டும்?

சொத்தை கடுகளவு இருக்கும்போதே போய்விட வேண்டும். அப்போது குழியைச் சுற்றி எனாமல் விளிம்பு மிச்சம் இருக்கும். பசைக்கு அதுதான் பிடிமானம். ஒட்டும்போது எச்சில் பட்டால் பிடிப்பு கெடும். டாக்டர் பஞ்சை வைத்து, "வாயை மூடாதீர்கள்" என்று அதட்டுவது இதனால்தான்!

தர்மபுரிப் பக்கம் புளோரைடு தண்ணீர் குடித்துப் பல் காவியேறியவர்கள் உண்டு. அவர்கள் எனாமலில் அமிலம் எளிதில் ஏறாது. கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும்.

குழந்தை விழுந்து முன்பல் உடைந்தால், கடையில் விற்கும் பசையால் ஒட்டிவிடாதீர்கள். அது வாய்க்கு உரியதல்ல. உடைந்த துண்டைப் பாலிலோ தண்ணீரிலோ போட்டு, உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். துண்டு முழுசாக இருந்தால், பல சமயம் அதையே பழையபடி ஒட்டிவிடுவார்.