மேலவை: மதிலுக்கு உள்ளே யார்?

'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்பது நம்ம பக்கத்துச் சொலவடை. மதிலை வியக்கிறவர்கள் அது யாரை வெளியே நிறுத்தியது என்று கேட்பதில்லை. தமிழகச் சட்டமன்ற மேலவை பற்றிய விவாதமும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1986 நவம்பர் 1 அன்று மேலவை ஒழிக்கப்பட்டது. தி.மு.க. அரசின் முயற்சியால் 2010இல் 78 பேர் கொண்ட மேலவைக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2011இல் ஆட்சி மாறியதும் வேண்டாமென்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒரு கட்சி வேணும்னா இன்னொன்று வேணாம்னு சொல்லும். அது யாருக்கான அவை என்ற கேள்வி இந்த இழுபறியில் காணாமல் போனது.

அரசியல் சட்டத்தின் 171ஆம் பிரிவைப் பார்ப்போம். மூன்றில் ஒரு பங்கு இடங்களை உள்ளாட்சி உறுப்பினர்களும், இன்னொரு மூன்றில் ஒரு பங்கைச் சட்டமன்ற உறுப்பினர்களும் தேர்ந்தெடுப்பார்கள். பட்டதாரிகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஆசிரியர்களுக்கும் அதே அளவு. மீதி ஆறில் ஒரு பங்கு ஆளுநரின் நியமனம்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற, பத்தாவது முடித்த பெண்ணுக்குச் சட்டமன்றத் தேர்தலில் ஒரு ஓட்டு. அவளுடைய மேலதிகாரி பட்டதாரியானால் அவருக்கு மேலவைக்கும் ஒரு ஓட்டு. ஆசிரியர் ஓட்டு உயர்நிலைப் பள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பெண்ணுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த தொடக்கப்பள்ளி டீச்சர் அதில் வரமாட்டார். பட்டம் என்பது இங்கே வெறும் படிப்பல்ல. அது குடியுரிமைக்குள்ளேயே கட்டப்பட்ட ஒரு படிநிலை.

சட்டமன்றத்தில் குடியாத்தமும் கே.வி.குப்பமும் தனித்தொகுதிகள். மேலவையில் தலித்துகளுக்கு இடஒதுக்கீடே கிடையாது. மாநிலங்களவையிலும் இதே கதைதான்.

தேர்தலில் ஜெயிக்க முடியாத அறிஞர்களின் குரல் வேண்டாமா என்று கேட்பார்கள். நியமனத்துக்குச் சட்டம் சொல்லும் துறைகள் ஐந்து: இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை. பட்டியலில் உழைப்பு இல்லை. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவரிடம் இருப்பது அறிவில்லையா? பாலாறு எப்படிக் கெட்டது என்று அவருக்குத் தெரியாதா? இந்த நியமன வழியில்தான் 1952இல் ராஜாஜி, தேர்தலில் நிற்காமலேயே முதலமைச்சரானார். அடுத்த ஆண்டே வந்தது குலக்கல்வித் திட்டம். யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவர், யார் படிக்கலாம் என்று தீர்மானித்தார்.

அப்படியானால் மேலவையே வேண்டாம் என்பதா? அது ஒரு நேர்மையான நிலைப்பாடு. ஆனால், மறுபடியும் மேலவை என்று யாராவது பேச்செடுத்தால் நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. 171(2)இன்படி, நாடாளுமன்றம் வேறு சட்டம் செய்யும்வரைதான் இந்தப் பங்கீடு. அரசியல் சட்டத்தைத் திருத்தாமல், சாதாரணச் சட்டத்தாலேயே இதை மாற்றலாம். பட்டதாரித் தொகுதியை எடுத்துவிட்டு உழைப்பாளர் தொகுதி வைக்கலாம். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஓட்டுக் கொடுக்கலாம். எழுபதாண்டுகளுக்கும் மேலாக எந்த ஆட்சியும் இதைச் செய்யவில்லை.

மேலவை வேணுமா வேணாமா என்பது கட்சிகளின் கேள்வி. உள்ளே யார் என்பதுதான் நம் கேள்வி. அதற்குப் பதில் வராதவரை, 'மீட்பு' என்பது பழைய மதிலுக்குப் புதுச் சுண்ணாம்பு அடிப்பதுதான்.