வீடுகள் காலி, வாடகைக்கு வழியில்லாதோர் கோடி

நாட்டின் நகரங்களில் ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் 1 கோடியே 11 லட்சம் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தெரிவித்தது. அடுத்த ஆண்டே, மத்திய அரசு அமைத்த, பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு, அதே நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. இந்தப் பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கு பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் உரியது. அவர்களில் பெரும்பாலோர் தெருவில் உறங்குபவர்கள் அல்லர். கூரை இருக்கிறது. ஆனால், மணமான மகனும் மருமகளும் பெற்றோருடன் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள்தாம் அக்குழுவின் கணக்கில் ஐந்தில் நான்கு பங்கு.

ஆக, குறைவாக இருப்பது செங்கல்லும் சிமென்டும் அல்ல. சாமானியரின் சம்பளத்துக்கு எட்டும் வாடகைதான்.

தலைநகர் தில்லியையே எடுத்துக்கொள்ளலாம். 2024 அக்டோபரில் தில்லி அரசு திருத்தியமைத்த குறைந்தபட்ச ஊதியம், பயிற்சி பெறாத தொழிலாளிக்கு மாதம் 18,066 ரூபாய். (எத்தனை முதலாளிகள் அதை முழுதாகக் கொடுக்கிறார்கள் என்பது தனிக் கதை.) மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு ஏழாவது ஊதியக் குழு நிர்ணயித்த அடிப்படைச் சம்பளமும் ஏறத்தாழ அதே அளவுதான்: 18,000 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதால், 2024 ஜனவரி முதல் பெருநகரங்களில் வீட்டு வாடகைப் படி 30 சதவீதமாக உயர்ந்தது. அந்த ஊழியருக்குக் கிடைத்தது 5,400 ரூபாய். அந்தத் தொகைக்குத் தலைநகரின் நடுப்பகுதியில் குடும்பம் நடத்த வீடு கிடைக்காது. ஒற்றை அறை கிடைத்தாலே பெரிது. தனியார் நிறுவனக் காவலாளிக்கோ, கடைச் சிப்பந்திக்கோ அந்தப் படியும் இல்லை. இதைப் பற்றிப் பேசவேண்டிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தலைநகரில் அரசே வாடகையின்றி வீடு தருகிறது.

வாடகைதாரரைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-லேயே வந்துவிட்டது. ஆனால், மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் இச்சட்டம் பொருந்தாது என்று 1988-இல் திருத்தம் செய்யப்பட்டது. அன்று அது பெரிய தொகை. பணவீக்கம் உயர உயர, அந்த வரம்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. விளைவு விசித்திரமானது. கன்னாட் பிளேஸிலும் சாந்தினி சௌக்கிலும் பல தலைமுறைகளாகச் சொற்ப வாடகைக்குக் கடை நடத்துவோருக்குச் சட்டம் அரணாக நிற்கிறது. நேற்று ஊரிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளிக்கு அது எட்டுவதே இல்லை. இந்த முரண்பாட்டைச் சரிசெய்ய 1995-இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்தார். வணிகர்களின் கடும் எதிர்ப்பால், அதை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை வெளியிடப்படவே இல்லை. மத்தியில் ஆட்சிகள் மாறின; இந்த மௌனம் மட்டும் மாறவில்லை.

மாதிரி வாடகைச் சட்டத்துக்கு 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. குடியிருப்புகளுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. வாடகை மாநிலப் பொருள் என்பதால், ஏற்பதும் விடுவதும் மாநிலங்களின் விருப்பம். தமிழ்நாடு அதற்கு முன்பே, 2017-இல் தனிச் சட்டம் இயற்றிவிட்டது. எழுத்து என்னவாக இருப்பினும், பதிவுக் கட்டாயத்தைத் தவிர்க்கும் பதினொரு மாத ஒப்பந்தமே நாடெங்கும் நடைமுறை. பன்னிரண்டாம் மாதத்தில் வாடகையை உயர்த்து, அல்லது காலி செய் என்பதே அதன் பொருள்.

இத்தனை சுமையும் விலைவாசிப் புள்ளிவிவரத்தில் ஏன் பெரிதாகத் தெரிவதில்லை? 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில், நகர்ப்புறத்துக்கு வீட்டின் பங்கு 21.67 சதவீதம். கிராமப்புறத்துக்கு வீட்டு வாடகை கணக்கிடப்படவே இல்லை. எனவே நாடு முழுமைக்குமான குறியீட்டில் அது 10 சதவீதமாகச் சுருங்கியது. அரசுக் குடியிருப்புகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. 2017 ஜூலையில் மத்திய ஊழியர்களின் வீட்டு வாடகைப் படி உயர்ந்ததும் குறியீடும் உயர்ந்தது. அந்தத் தாக்கத்தை நீக்கிவிட்டுப் பணவீக்கத்தைத் தனியே பார்க்க வேண்டிய நிலை ரிசர்வ் வங்கிக்கு ஏற்பட்டது. அதாவது, லட்சுமி நகரில் வாடகை ஏறியதைவிட, செயலகச் சுற்றறிக்கை ஒன்று குறியீட்டை எளிதாக அசைத்தது.

குடும்பச் செலவு ஆய்வும் இப்படித்தான். 2023-24 ஆய்வின்படி நகர்ப்புறத்தில் தலா மாதச் செலவு ஏறத்தாழ 7,000 ரூபாய். அதில் வாடகை 7 சதவீதத்துக்கும் குறைவு. பார்ப்பதற்கு நிம்மதியான எண். ஆனால் அது சொந்த வீட்டுக்காரரையும் குடிக்கூலி கொடுப்பவரையும் ஒன்றாகக் கலந்து எடுத்த சராசரி. நகர்ப்புறக் குடும்பங்களில் வாடகை வீட்டில் இருப்பவை நான்கில் ஒன்றுக்குச் சற்றே கூடுதல் என்பது 2011 கணக்கெடுப்பு. மொத்த வாடகையையும் அந்த நான்கில் ஒரு பங்கினரே சுமக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால், அவர்கள் செலவில் வாடகை கால்பங்கை எட்டுகிறது. உணவுக்கு ஏறக்குறைய 40 சதவீதம் போய்விட்டால், பள்ளிக் கட்டணம், மருந்து, பேருந்து, கைப்பேசி அனைத்துக்கும் மீதியில்தான் இடம் காண வேண்டும்.

வாடகை என்று எழுதப்படாத வாடகையும் உண்டு. தில்லியில் 200 யூனிட் வரை மின்கட்டணம் இல்லை என்று 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என அவர் தனியே வசூலிப்பார். வாடகைதாரருக்கும் தனி மீட்டர் தரும் திட்டம் அதே ஆண்டில் வந்தது. வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு அதைக் கேட்கத் துணிவோர் எத்தனை பேர்?

சரி, கடன் வாங்கியாவது சொந்த வீடு கட்டிக்கொள்ளலாம் என்றால் வட்டி குறுக்கே நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. 20 ஆண்டுகளுக்கு 7 சதவீத வட்டியில் 25 லட்சம் ரூபாய் வாங்கியவரின் மாதத் தவணை சுமார் 19,380 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால் அதே கடனுக்குத் தவணை 23,300 ரூபாய். தவணையை உயர்த்தாமல் விட்டாலோ, புதிதாகக் கடன் வாங்கியவர் கட்டும் தொகை அந்த மாத வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதில் வளரும். 2025-இல் வட்டி இறங்கத் தொடங்கியது உண்மையே. ஆனால், இடைப்பட்ட காலத்தில் நீட்டிக்கப்பட்ட தவணைக்காலம் பலருக்கு ஓய்வு வயதைத் தாண்டிவிட்டது.

'2022-க்குள் அனைவருக்கும் வீடு' என்ற முழக்கத்துடன் 2015 ஜூனில் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் தொடங்கியது. 2022 வந்து போனது, கெடு நீட்டிக்கப்பட்டது, 2024-இல் மேலும் ஒரு கோடி குடும்பங்களுக்கு என இரண்டாம் கட்டம் அறிவிக்கப்பட்டது. அரசு கட்டும் வீடுகள் எங்கே எழும்புகின்றன என்பதில்தான் சிக்கல். தில்லியின் வடமேற்கு எல்லையில் உள்ள நரேலாவில் தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகள் பல ஆண்டுகள் விலைபோகாமல் கிடந்தன. ஆணையத்தின் 2014 திட்டத்தில் குலுக்கலில் தேர்வானவர்களிலேயே பெருந்தொகையானோர், வீடு சிறியது, தொலைவு என்று திருப்பிக் கொடுத்துவிட்டனர்.

அந்தத் தொலைவின் விலையை அண்மையில் நேராக அறிந்தவர்கள் தமிழர்கள். நிஜாமுதீன் ரயில் நிலையம் அருகே ஜங்புராவில், பாராபுல்லா கால்வாய்க் கரையில் பல பத்தாண்டுகளாக இருந்த 'மதராசி கேம்ப்' குடியிருப்பு, தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் வசித்தோரே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்டனர். அவர்களுக்குக் காட்டப்பட்ட இடம் நரேலா. ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவு. பெண்களில் பலர் சுற்றுப்புற வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்தவர்கள். காலை ஆறு மணிக்கு ஒரு வீடு, எட்டுக்கு இன்னொரு வீடு என்று நடந்தே போய்ச் செய்யும் வேலை அது. பெண்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம்தான். போய்வரும் நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது. தமிழ் கற்பிக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் ஏழில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆனால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஊர் என்று எதைச் சொல்வது?

நரேலா வழியாகச் செல்லும் ரிட்டாலா-குண்ட்லி மெட்ரோ தடத்துக்கு 2024 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. முடிக்க நான்கு ஆண்டுகள் என்றது. வீடுகள் முன்னே வந்தன. ரயில் பின்னே வருகிறது.

2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போனது. அதன் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் பணிக்கு, 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் குறிக்கப்பட்டது. எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, எத்தனை பேர் வாடகைக்கு இருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் புதிய விடை அதிலிருந்துதான் வர வேண்டும்.