"பழகிப்போச்சு" என்ற சொல்லுக்குள் இருப்பவை

இடம்பெயர்ந்தும் மீளக்குடியேறியும் வாழ்கின்ற எமது பெண்களிடம் "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "என்ன செய்யிறது, பழகிப்போச்சு" என்பதாகும். இந்த ஒரே பதிலை உதவி நிறுவனங்களின் அறிக்கைகள் ஆங்கிலத்தில் பல சொற்களால் எழுதுகின்றன. அச்சொற்கள் ஒரே கருத்துடையவை அல்ல. சில சொற்கள் பெண்ணை மாறச் சொல்கின்றன. வேறு சில, அவளைச் சுற்றியுள்ளோரை மாறச் சொல்கின்றன. எமது வாழ்வைப் பற்றி எழுதப்படும் சொற்கள் என்பதால் இவ்வேறுபாட்டை நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

'அடப்ட்' என்பது முதற்சொல். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் இதையே 'இசைவாக்கம்' என்று படித்தோம். 'பொருந்தியது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது. வேறு வடிவப் பிளக்கை எமது வீட்டு மின்சாரத்தில் பொருத்தப் பாவிக்கும் 'அடப்டர்' இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கரையோரத்தில் கருவாடு போட்டுப் பிழைத்த பெண், இடம்பெயர்ந்து போன வன்னிக் காணியில் கச்சான் பயிரிடக் கற்றுக்கொண்டால் அது இசைவாக்கம். அங்கே அவளுடைய அறிவும் உழைப்பும் வேலை செய்கின்றன.

'அட்ஜஸ்ட்' என்ற சொல் எமது பேச்சிலேயே கலந்துவிட்டது. தராசு முள்ளைச் சரிசெய்வது போன்ற சிறிய மாற்றத்தையே இது குறிக்கும். ஆனால் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போ" என்று யாரிடம் சொல்லப்படுகிறது? புகுந்த வீட்டிலும் முகாமிலும் பெண்ணிடமே சொல்லப்படுகிறது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இலட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்டிருந்தனர். ஒரே கூடாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. மறைவின்றிக் குளிக்கவும் நேர்ந்தது. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்படும்வரை அங்கிருந்த பெண்கள் சகித்தவற்றுக்கு 'அட்ஜஸ்ட்' என்பது மிகச் சிறிய சொல்.

மூன்றாவது 'கோப்'. 'அடித்தல்' எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்து, முன்னர் கைகலப்பதைக் குறித்தது. இன்று எமது 'சமாளித்தல்' என்பதற்கு ஈடாக வழங்குகின்றது. உணவுப் பாதுகாப்பு ஆய்வுகளில் இதற்கொரு அளவுகோல் உண்டு. மலிவான உணவுக்கு மாறுதல், கடன் வாங்கி உண்ணுதல், அளவைக் குறைத்தல், பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்து உண்ணுதல், வேளைகளைக் குறைத்தல் என்பவற்றை வாரத்தில் எத்தனை நாள் செய்தீர்கள் என்று கேட்பார்கள். புள்ளி கூடினால் நிலைமை மோசம் என்பதே அதன் பொருள். அதாவது அதிகம் சமாளிப்பவளே அதிகம் உதவி தேவைப்படுபவள்.

மீள்குடியேற்றக் கிராமமொன்றில் ஒரு தாய் "சமாளிக்கிறன் பிள்ளை" என்றார். கூடவந்த உத்தியோகத்தர் 'பிரச்சினை இல்லை' என்று குறித்துக்கொண்டார். "இரவு என்னம்மா சாப்பிட்டீங்கள்?" என்று நான் கேட்டேன். பிள்ளைகளுக்குப் பாணும், தனக்கு வெறுந்தேத்தண்ணியும் என்றார். படிவம் அவ்விடத்திலேயே திருத்தப்பட்டது.

'அக்கொமடேஷன்' என்றால் தங்குமிடம் என்றே முகாம்களில் அறிந்தோம். இன்னொருவருக்கு வசதி செய்து இடமளித்தல் என்பதும் அதன் பொருளாகும். சமூகவியல் வகுப்பில் நான் இதைப் படித்தபோது, முரண்பட்ட இரு தரப்பினர் விட்டுக்கொடுத்து வாழ்தல் என விளக்கினார்கள். சட்டத்தில் அது இன்னும் வலுவானது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயம் 2006இல் ஏற்கப்பட்டது. இலங்கை அதை 2016இல் உறுதிப்படுத்தியது. காலிழந்த பெண்ணுக்காக வேலைத்தலத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்ய மறுப்பது பாரபட்சம் என்கிறது அது. இங்கே பழகவேண்டியது அவளல்ல, அந்த வேலைத்தலமே.

இப்போது கருத்தரங்குகளில் அதிகம் கேட்பது 'ரெசிலியன்ஸ்'. அழுத்தப்பட்ட ஸ்பிரிங் மீண்டும் எழும்புவதைப் போன்ற மீண்டெழும் தன்மை இது. எமது பெண்களிடம் அது உண்டு, சந்தேகமில்லை. ஆயினும், "இவர்கள் உறுதியானவர்கள்" என்ற பாராட்டுடன் உதவி நின்றுவிடக் கூடாது.

பழகிக்கொள்ளவே கூடாதவையும் உண்டு. வீட்டில் விழும் அடி அவற்றில் ஒன்று. காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிய மௌனம் இன்னொன்று. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார், அந்த மௌனத்துக்குப் பழக மறுத்தவர்களே.

ஆகவே சகோதரிகளே, பதிவுக்கு வருபவரிடம் "பழகிப்போச்சு" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எதற்குப் பழகினீர்கள், எதை இழந்து பழகினீர்கள், எதற்கு இன்னும் பழகவில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால், கையொப்பமிடுமுன் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் அரச அலுவலகங்களில் தமிழில் கருமமாற்றும் உரிமையை உறுதிசெய்தது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அந்தத் தாளில் இருப்பது உங்களுடைய வாழ்க்கை.