டக்... டக்... சத்தம்: குற்றவாளி லிப்டர்தானா?

2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து பிரீமியர் பத்மினி டாக்சிகள் விடைபெற்றன. அந்தக் காரில் "டக் டக்" என்று டாப்பெட் சத்தம் வந்தால் மெக்கானிக் கவலைப்பட மாட்டார். ராக்கர் மூடியைத் திறப்பார். பீலர் கேஜைச் செருகி இடைவெளி பார்ப்பார். திருகைத் திருப்பி நட்டை இறுக்குவார். சத்தம் அடங்கிவிடும்.

ஹைட்ராலிக் லிப்டர் உள்ள என்ஜினில் இந்த வித்தை பலிக்காது. 1930-ல் அமெரிக்காவில் 16 சிலிண்டர் காடிலாக் கார் இவ்வகை ஏற்பாட்டுடன் வந்தது. பின்னர் செவர்லே வி-8 என்ஜின்களிலும் அது பரவியது. இத்தகைய பழைய கார்களை வேகத்துக்காக மாற்றியமைத்து ஓட்டுபவர்கள் உண்டு. மாற்றிய பிறகு சத்தம் வந்தால், பலர் உடனே 16 லிப்டர்களையும் மாற்றிவிடுகிறார்கள். பணம் போகிறது, சத்தம் போவதில்லை. பழியோ ஸ்பேனர் பிடித்தவர் தலையில் விழுகிறது!

உள்ளே என்ன இருக்கிறது?

லிப்டருக்குள் ஒரு சிறு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், ஒருவழி வால்வு ஆகியவை உள்ளன. என்ஜின் ஆயில் உள்ளே புகுந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிய ஆயில் சுருங்காது. ஆகவே இடைவெளி தானாகவே நிரம்பிவிடும். ஆயிலோடு காற்றும் புகுந்தால் லிப்டர் அமுங்கும். அப்போது சத்தம் கிளம்பும்.

முதலில் டிப் ஸ்டிக்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கேட்டு மறையும் சத்தத்துக்கு அஞ்ச வேண்டாம். இரவில் வடிந்த ஆயில் திரும்ப நிரம்பும் நேரம் அது. நிற்காத சத்தம்தான் நோய்.

ஆயில் குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். அளவுக்கு மீறி ஊற்றினாலும் கிராங்க் ஷாப்ட் அதைக் கடைந்து நுரையாக்கும். அளவு சரியானால், தனியாக ஒரு கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்க வேண்டும். ஆயிரம் சுற்றுக்குச் சுமார் 10 பவுண்டு என்பது பட்டறைக் கணக்கு.

காதுக்கும் வேலை உண்டு

எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஒழுகினாலும் இதே "டக் டக்" கேட்கும். என்ஜின் சூடேறி இரும்பு விரிந்ததும் அது பெரும்பாலும் தணியும். ஒரு சிலிண்டரின் பிளக்கை இயங்காமல் செய்ததும் சத்தம் குறைந்தால், கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். லிப்டர் சத்தம் அதற்கு அசையாது. நீண்ட ஸ்குரு டிரைவரின் முனையை ராக்கர் மூடியில் ஆங்காங்கே வைத்து, பிடியைக் காதோடு சேர்த்தால் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியும்.

மாற்றியமைத்ததன் விளைவு

மேற்கண்டவை எல்லாம் சரி என்றால், செய்த மாற்றத்தையே பார்க்க வேண்டும். மறுபடி அரைத்த கேம் ஷாப்டின் அடிவட்டம் சிறுத்திருக்கும். லிப்டர் கீழே இறங்கி உட்காரும். புஷ் ராடு தளர்ந்து சத்தம் போடும். ஹெட்டைச் சீவியிருந்தால் இதற்கு நேர்மாறு. லிப்டர் ஆழமாக அமுங்கி, வால்வு சரியாக மூடாமல் கருகிப்போகலாம். இதில் சத்தமே வராது என்பதுதான் ஆபத்து!

பழைய செவர்லே வி-8ல், அந்தச் சிலிண்டரின் இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், புஷ் ராடை மேலும் கீழும் அசைத்தபடி நட்டை இறுக்க வேண்டும். ஆட்டம் நிற்கும் இடம் பூஜ்யம். அதற்கு மேல் அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை போதும். அதிலும் சரிப்படாவிட்டால் அளவெடுத்து வேறு நீளப் புஷ் ராடு போட வேண்டும்.

கடைசிச் சந்தேகம் கேம் ஷாப்டின் மேடு. டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு ராக்கரும் எவ்வளவு எழும்புகிறது என்று ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் குறைவாக எழும்பினால் அங்கே மேடு தேய்ந்துவிட்டது. அப்போது லிப்டரை மட்டும் மாற்றுவது வீண். தட்டை அடி லிப்டராக இருந்தால் கேமையும் லிப்டர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய லிப்டரைப் புதுக் கேமில் போட்டால் அதுவும் தேய்ந்துவிடும்.

டிப் ஸ்டிக், அழுத்தம், காது, நட்டு, கேம். இந்த வரிசை தவறாமல் பார்ப்பவருக்கு வீண் செலவும் இல்லை. முதலாளியிடம் பேச்சு வாங்கும் நிலையும் இல்லை.