பாதாளத்தில் விடும் நஞ்சு

அஞ்செட்டிப் பக்கத்தில் ஒரு குடியானவன் ஆழ்துளைக் கிணறு போட்டால், பாறையில் வெடிப்பு அகப்பட்டால்தான் அவனுக்குத் தண்ணீர். இல்லையேல் போட்ட பணம் புழுதி. அணுக் கழிவை வெகு ஆழத்தில் விட்டுவிட்டால் அபாயமில்லையென்று யாரேனும் அவனிடம் சொன்னால், "அந்த ஆழத்தில் வெடிப்பில்லையென்று உமக்கு யார் சொன்னது?" என்றே முதலில் கேட்பான். நாமும் அதையே கேட்கிறோம்.

திரவக் கழிவை நிலத்தடியில் செலுத்தும் முறையைப் பெருமளவில் கையாண்ட தேசம் ருஷ்யா. 1963-ம் வருஷம் ஸைபீரியாவில் ஸெவர்ஸ்க் என்னுமிடத்தில் இது தொடங்கிற்று. பின்னர் வேறு இரண்டிடங்களுக்கும் பரவிற்று. மேலும் கீழும் களிமண் அடுக்குகள் காக்கும் மணற்படிவங்களில் கழிவை இறக்குவதால் அது கசியாதென்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. சீஸியமும் ஸ்ட்ரான்ஷியமும் சுமார் 30 வருஷத்துக்கொருமுறை பாதியாகக் குறைபவை. 300 வருஷத்தில் ஆயிரத்திலொரு பங்காகிவிடும். ஆனால் புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 வருஷம் வேண்டும். கரிகாலன் கல்லணை கட்டிச் சுமார் 2,000 வருஷமே ஆகிறது! அத்தனை காலம் காவல் நிற்கும் சர்க்கார் உலகில் உண்டோ? பூமிக்குள் பரவிய திரவத்தைத் திரும்ப எடுப்பதும் ஆகாத காரியம். ருஷ்யாவே 2011-ல் சட்டமியற்றி, பழைய இடங்களைத் தவிர வேறெங்கும் இம்முறை கூடாதென்று விலக்கிவிட்டது.

அமெரிக்காவில் டென்வர் நகரருகே 1962-ல் ராணுவ ரசாயனக் கழிவை 3,600 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் செலுத்தினார்கள், பூகம்பங்கள் உண்டாயின, 1966-ல் நிறுத்தினார்கள். அது அணுக் கழிவன்று. ஆயினும் பாடம் ஒன்றே.

நமது தேசம் இவ்விஷயத்தில் நல்ல வழியையே பற்றியிருக்கிறது. கடுமையான திரவக் கழிவை டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களில் கண்ணாடியாக உருக்கி இறுகச் செய்கிறார்கள். ஆனால் அக்கண்ணாடிக்கும் முடிவில் ஒரு நிலையான புதைகுழி வேண்டும். அதற்காகவே 1980-களில் கோலார் தங்கச் சுரங்கத்தில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், சூட்டைப் பாறை எவ்விதம் தாங்குகிறதென்று சோதித்தார்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. 2012-ல் கூடங்குளம் வழக்கின்போது, கழிவு கோலாருக்கு வருமென்ற பேச்சு எழவே அங்குள்ள ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அத்தகைய எண்ணமில்லையென்று பின்னர் மறுக்கப்பட்டது. அந்தச் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கோலார் ஜில்லா வழியே வரும் பாலாறோ ஆந்திர தேசத்தைக் கடந்து நமது வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் வருகிறது. பூமிக்கடியில் ஓடும் நீருக்கு மாகாண எல்லை தெரியாது.

நாம் விஞ்ஞானத்தின் விரோதிகளல்லர். மின்சாரத்தை அநுபவிக்கும் நாம் கழிவின் பொறுப்பைப் பேரப்பிள்ளைகள் தலையில் கட்டுவது தர்மமாகாது என்பதும் நமது கட்சியே. ஆகையால் நாம் கோருவது இவ்வளவே: வெடிப்புள்ள கடும்பாறை நிலத்தில் திரவக் கழிவு ஒருபோதும் கூடாது. திடக் கழிவாயினும், இடம் தேர்ந்தெடுப்பதற்கு முன் பாறை, நீரோட்டப் பரிசோதனைகளை ஜனங்களின் பாஷையில் வெளியிட வேண்டும். எல்லைக்கு இப்புறம் கிணற்று நீர் குடிப்பவனையும் கேட்க வேண்டும். அணுசக்தி இலாகாவுக்குக் கட்டுப்படாத நிபுணர்கள் அவற்றைச் சோதிக்க வேண்டும். தவறு நேர்ந்தால் திரும்ப எடுக்க வழியிருக்க வேண்டும்.

அஞ்செட்டிக் குடியானவனின் கேள்விக்கு விடை கிடைத்த பிறகே மண்வெட்டி எடுக்கலாம், அதற்கு முன்னன்று.