நூற்றெட்டு என்னும் எண்



"எனக்கு நூற்றெட்டு வேலை கிடக்கிறது" என்று சலித்துக்கொள்ளாதவர் நம்மிடையே இலர். அப்படிச் சொல்பவர் எவரும் தம் வேலைகளை எண்ணிப் பார்த்தவரல்லர். திட்டமான ஓர் எண் இங்கே 'மிகப் பல' என்ற பொருளைத் தந்து நிற்கின்றது. நூறும் எட்டும் புணரும்போது றகரம் இரட்டித்து, ஈற்று உகரம் கெட்டு, நூற்றெட்டு என வருவதை மாணவர் அறிவர். அந்த எண்ணுக்கு இத்தனை மதிப்பு எவ்வாறு வந்தது என்பதை இன்று நோக்குவோம்.

முதலில் கணிதம். நூறை மீதியின்றி வகுக்கும் எண்கள் ஒன்பது. நூற்றெட்டை வகுப்பனவோ பன்னிரண்டு. பாதியாக்கினால் 54, அதையும் பாதியாக்கினால் 27. 108 மணிகள் கொண்ட செபமாலையோடு 54, 27 மணிகள் கொண்ட மாலைகளும் வழங்குகின்றன. சிறிய மாலையை இருமுறையோ நான்கு முறையோ உருட்டினால் கணக்கு நிரம்பிவிடும். ஒழுங்கான ஐங்கோணியின் ஒவ்வோர் அகக்கோணமும் 108 பாகையே.

சோதிடக் கணக்கிலும் இந்தப் பங்கீட்டைக் காணலாம். 27 நட்சத்திரங்களுக்கு நான்கு பாதங்கள் வீதம் 108 பாதங்கள். அவற்றைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பகிர்ந்தால் இராசிக்கு ஒன்பது. சூரியனின் தூரம் அதன் விட்டத்தைப் போல் 108 மடங்கு என்றும் சிலர் எழுதுவர். சராசரித் தூரம் ஏறத்தாழ 1,496 இலட்சம் கிலோமீற்றர். விட்டம் ஏறத்தாழ 13.9 இலட்சம். வகுத்தால் 107க்கும் 108க்கும் இடைப்பட்ட எண்ணே வரும். நெருங்கிய எண்தான், அதற்கு மேல் சொல்வது மிகை.

கலைக்கு வருவோம். பரதரின் நாட்டிய சாத்திரம் 108 கரணங்களைக் கூறுகின்றது. சிதம்பரத்துக் கோபுரங்களில் அவை சிற்பங்களாக உள்ளன. 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலிலோ 81 கரணங்களே செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27க்கும் உரிய கற்கள் வெறுமையாக நிற்கின்றன. வைணவர் போற்றும் திருப்பதிகளும் 108. அவற்றுள் 106 மட்டுமே மண்ணுலகில் உள்ளவை.

இவ்வெண் நமக்கு மட்டும் உரியதன்று. புத்தர் பெருமானின் பாதத்தில் 108 மங்கலச் சின்னங்கள் உண்டென்பது நம் சிங்கள அயலவரும் போற்றும் மரபு. யப்பானிய விகாரைகளிலே ஆண்டிறுதி இரவில் மணி 108 முறை ஒலிக்கும். மனிதரைப் பற்றும் 108 மாசுகளை நீக்குவதற்காக என்பது அவர்கள் கூறும் காரணம்.

இனி நம் மாத்தளை. ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் இராசகோபுரம் 108 அடி உயரமுடையது. மாசிமகத்தில் பஞ்சரதம் புறப்படும்போது அதை அண்ணாந்து பாராதவர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, மாத்தளை வந்தடைந்தவர்கள் நம் தோட்டத்து மூதாதையர். வழியில் மாண்டவரைச் சரியாக எண்ணி வைத்தவர் இலர். பிழைத்தவரின் நாட்களையோ பிறர் எண்ணினர். 'பேர்' விழுந்தால் முழுச்சம்பளம், 'அரைப்பேர்' என்றால் பாதி. 1983 கலவரத்தில் இந்தக் கோயிலும் தீக்கும் சேதத்துக்கும் தப்பவில்லை. அதே மண்ணில்தான் இன்று அடிக்கணக்குக் குறையாமல் அந்தக் கோபுரம் நிற்கின்றது.

பெயரில் ஓரெழுத்தைக் கூட்டினால் அதிர்ஷ்டம் வரும் என்று எண் சோதிடம் பார்த்துப் பணத்தைத் தொலைப்போர் இன்றும் உளர். எண் எவருக்கும் எதையும் கொண்டுவந்து தருவதில்லை. மாலையை உருட்டுபவரின் பொறுமையும், கல்லைச் செதுக்கியவரின் உழைப்பும், கோபுரத்துக்குக் காசு சேர்த்தவரின் பற்றுமே நூற்றெட்டுக்குப் பெருமை தந்தன. அடுத்த முறை நூற்றெட்டு வேலை என்று அலுத்துக்கொள்ளும்போது ஒரு தாளை எடுத்து அவற்றை எண்ணிப் பாருங்கள். பத்தைத் தாண்டாது. அவற்றுள் முதலாவதை இன்றே தொடங்கலாம்.