சோளப்பாம்புக் குட்டிக்கான பெட்டியும் வெப்ப ஏற்பாடும்

சோளப்பாம்பு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட நஞ்சற்ற பாம்பு ஆகும். சிவப்பு எலிப்பாம்பு என்றும் இது அழைக்கப்படுகிறது. நம் ஊர்ச் சாரைப்பாம்பைப் போல இதுவும் கொலுப்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. எலிகளைப் பிடித்துத் தின்பது. 1766-இல் கார்ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயரிட்டார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இதையே தேர்ந்தெடுக்கின்றனர். முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி ஏறக்குறைய 20 முதல் 30 செ.மீ. நீளமும் பென்சில் பருமனும் இருக்கும். வளர்ந்தபின் 90 முதல் 150 செ.மீ. வரை நீளும். நல்ல பராமரிப்பில் 15 ஆண்டுகளுக்கு மேல் வாழும்.

வெப்பம் ஏன் தேவை

பாம்பு தன் உடலுக்குள் போதிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயில் பட்ட பாறையில் படுத்துச் சூடேறும். சூடு மிகுந்தால் நிழலுக்கோ பொந்துக்கோ போய்விடும். இரை செரிப்பது இந்தச் சூட்டைப் பொறுத்தது. உடல் குளிர்ந்திருந்தால் விழுங்கிய எலிக்குஞ்சு வயிற்றிலேயே கெட்டுப்போகும். பாம்பு அதைக் கக்கிவிடும். சில கிராம் எடையே உள்ள குட்டி இரண்டு மூன்று முறை தொடர்ந்து கக்கினால் பிழைப்பது கடினம்.

ஆகவே பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. வேண்டியது ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் அமைந்த வெப்பச் சரிவு. சோளப்பாம்புக்குச் சூடான முனை 28 முதல் 30 பாகை செல்சியஸ், குளிர்ந்த முனை 22 முதல் 24 பாகை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. எங்கே படுப்பது என்பதைப் பாம்பே முடிவு செய்துகொள்ளும். அறையே 32 பாகையைத் தாண்டும் கோடையில் குளிர்ந்த முனை என்று ஒன்று இருக்காது. அப்போது சூடேற்றியை அணைத்து அறையைக் குளிர்விக்க வேண்டும்.

பெட்டியின் அளவு

குட்டியைப் பெரிய பெட்டியில் விட்டால் அது பயந்து இரை உண்ணாது என்ற கருத்து வளர்ப்பாளர்களிடையே நெடுநாளாக உள்ளது. இதில் பாதிதான் உண்மை. குட்டியை அச்சுறுத்துவது பெட்டியின் அகலமன்று; ஒளிய இடமில்லாத வெட்டவெளி. காட்டில் பறவைகளும் பெரிய பாம்புகளும் இதைத் தின்னும். மறைவிடம் ஒன்றே இருந்து, அதுவும் குளிர்ந்த முனையில் இருந்தால், குட்டி சூட்டை விட்டுவிட்டு ஒளிவதையே தேர்ந்துகொள்ளும். பிறகு செரிமானம் கெடும். இரு முனைகளிலும் உடலைச் சுருட்டிப் பொருந்தும் அளவில் ஒவ்வொரு மறைவிடமும், இடையே மரப்பட்டை, செயற்கை இலைகளும் வைப்பது இதற்காகத்தான்.

மறுபக்கம், மிகச் சிறிய பெட்டியும் ஆகாது. உணவு டப்பா அளவுள்ள ஒன்றில் ஒரு மூலையில் சூடேற்றினால் சற்று நேரத்தில் எல்லா மூலையும் சூடாகிவிடும். ஏறத்தாழ 40 முதல் 60 செ.மீ. நீளமுள்ள பெட்டி குட்டிக்கு முதல் ஓராண்டுக்கு ஏற்றது. வளர்ந்த பாம்புக்கு 120 செ.மீ. நீளமாவது வேண்டும்.

தப்பிக்கும் வழிகள்

தலை நுழையும் இடைவெளியில் உடலும் நுழைந்துவிடும். மரத்தாலான பெரிய பெட்டிகளின் முன்புறம் இரண்டு கண்ணாடிகள் ஒன்றையொன்று கடந்து நகரும். அவற்றுக்கிடையேயுள்ள சில மில்லிமீட்டர் இடைவெளி குட்டிக்குப் போதும். கொக்கிகளால் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிறு காற்றுத் துளைகள் இட்டுப் பயன்படுத்துவது மலிவானது, பாதுகாப்பானது. வலை மூடியுள்ள கண்ணாடித் தொட்டியில் சூடும் ஈரப்பதமும் மேல்வழியே வெளியேறிவிடும். மூடியைப் பூட்டவும் வேண்டும்.

சூடேற்றும் கருவிகள்

சிறு பெட்டிக்கு மெல்லிய மின் விரிப்பு, அதாவது ஹீட் மேட், வழக்கமாகப் பயன்படுகிறது. இது பெட்டியின் அடியில், தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மறைக்கும்படி வைக்கப்படும். இது தரையைச் சூடாக்குமே தவிர உள்ளேயிருக்கும் காற்றை அதிகம் சூடாக்காது. மேலே மரச்சீவலைத் தடிமனாகக் கொட்டினால் சூடு மேலே வராமல் அடியில் தேங்கும்; பாம்போ தோண்டிக்கொண்டு அங்கேதான் போகும். எனவே சூடான பக்கத்தில் சீவல் மெல்லியதாக இருக்க வேண்டும். பெரிய பெட்டிகளில் மேலிருந்து சூடு தரும் ஆலசன் பல்பு அல்லது ஒளியின்றிச் சூடு மட்டும் தரும் பீங்கான் சூடேற்றி பொருத்தப்படும். அவற்றைச் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாயம். இல்லையெனில் பாம்பு பல்பையே சுற்றிக்கொள்ளும். கடைகளில் விற்கும் மின்சாரச் சூட்டுக்கல்லை வாங்காமலிருப்பதே நல்லது. ஓரிடத்தில் மட்டும் அளவுமீறிச் சூடேறிப் புண்ணாக்கிய நிகழ்வுகள் பல.

தெர்மோஸ்டாட் இல்லாமல் இவற்றில் எதையும் இயக்கக் கூடாது. கட்டுப்பாடற்ற விரிப்பு 40 பாகையைத் தாண்டிவிடக்கூடும். பாம்புகள் தோல் வெந்துபோகும் சூட்டிலிருந்தும் உடனே விலகுவதில்லை; வளர்ப்புப் பாம்புகளில் வயிற்றுத் தீப்புண் அடிக்கடி காணப்படுவது இதனால்தான். பணம் குறைவாக இருந்தால் அலங்காரப் பொருட்களில் குறைக்கலாம், இதில் குறைக்கக் கூடாது. தெர்மோஸ்டாட்டின் உணரி முனை பாம்பு படுக்கும் இடத்தின் சூட்டை அறிய வேண்டும். அது இடம் பெயர்ந்து குளிர்ந்த முனைக்குப் போய்விட்டால் கருவி நிற்காமல் சூடேற்றிக்கொண்டே இருக்கும். அதனால் முனையை உறுதியாகப் பொருத்துவதோடு, இரு முனைகளிலும் தனித்தனி டிஜிட்டல் வெப்பமானியும் வைக்கப்படுகிறது.

பாம்பைக் கொண்டுவருவதற்குச் சில நாட்கள் முன்பே வெறும் பெட்டியை இரவும் பகலும் இயக்கி அளவுகளைக் குறித்துப் பார்க்க வேண்டும். அறையின் குளிர் விடியற்காலையில்தான் மிகும். அந்நேர அளவையும் பார்த்துச் சரிசெய்தபின் குட்டியை விடலாம். விட்டபின் ஒரு வாரம் வரை கையில் எடுக்காமல், இரை கொடுத்து அது செரித்துக் கழிவு வெளியேறுகிறதா என்று மட்டும் கவனிப்பது வழக்கம்.